நான்கு சிலிண்டர்களில் இருந்த பசை

1986, ஆகஸ்ட் 30, சனி. காலை 9.20. தோட்டத்து ஸ்மோக்ஹவுஸின் பெரிய கதவு திறக்கப்பட்டது. உள்ளே கார் இருந்தது. நான்கு டயர்களிலும் காற்று இல்லை. துணிக்கூரை கிழிந்திருந்தது. மைல்மீட்டர் 31,406 காட்டியது. முன்பக்கம் ஹேண்டில் போட்டு எஞ்சினைச் சுற்ற முயன்றோம். சுற்றவில்லை.

செப்டம்பர் 6, சனி. மெக்கானிக் வந்தார். நான்கு ஸ்பார்க் பிளக்குகளும் கழற்றப்பட்டன. எளிதாகக் கழன்றன. சிலிண்டர்களுக்குள் மஞ்சளும் பழுப்பும் கலந்த கெட்டிப் பசை காணப்பட்டது. துரு காணப்படவில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு. பசையின் மாதிரி ஒரு காலி ஜாம் பாட்டிலில் என் வீட்டில் சோதிக்கப்பட்டது. நீரில் கரையவில்லை. மண்ணெண்ணெயில் சிறிதே இளகியது. முடிவு: இன்ன பொருள் என்று தெரியவில்லை.

இதுவரை பதிவேடு.

இருபத்தெட்டு ஆண்டுகள் பள்ளியில் வேதியியல் கற்பித்தவனுக்கு இப்படித்தான் எழுத வரும். 'நடந்ததை எழுது, நினைத்ததை எழுதாதே' என்று மாணவர்களின் ஆய்வுக்கூட நோட்டுகளில் சிவப்பு மையால் எத்தனை முறை எழுதியிருப்பேன்... ஆனால் இந்தப் பக்கத்தை வாரந்தோறும் படித்துப் பழகியவர்களுக்கு அது போதாது. "என்ன சார், எட்டு மாசமா உங்க பத்தியவே காணோம்?" என்று கோல சிலாங்கூர் மார்க்கெட்டில், மீன் கூடைகளுக்கு நடுவே நிறுத்திக் கேட்கிறார்கள்.

சொல்லிவிடுகிறேன். ஜனவரியில் என் மனைவி சரோஜா காலமானார். அதைப் பற்றி எழுதும்படி பத்திரிகை ஆசிரியர் கேட்டார். எழுதவில்லை. இன்றும் எழுதப்போவதில்லை. இது ஒரு காரைப் பற்றிய கட்டுரை.

கார் இங்கிலாந்தில் செய்யப்பட்டது. கம்பெனியின் பெயரைச் சொல்லமாட்டேன் — இலவச விளம்பரம் நம் ஆசிரியருக்கு ஆகாது. பச்சை நிறம், நீண்ட மூக்கு, மடக்கி வைக்கக்கூடிய துணிக்கூரை, இரண்டே இரண்டு இருக்கை. மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த மறுவருடம், ஐம்பத்தெட்டில், தோட்டத்துத் துரை ஊருக்குக் கப்பலேறியபோது அவரிடமிருந்து வாங்கினேன். ஒரு பள்ளி ஆசிரியருக்கு அது தேவையா? தேவையில்லை. தேவையில்லாததை வாழ்நாளில் ஒரு முறையாவது வாங்காதவன் எதைக் கண்டான்?

நான்கு ஆண்டுகள் ஓட்டினேன். பிறகு மகள் பிறந்தாள். இரண்டு இருக்கைக் காரில் மூன்று பேர் எங்கே உட்காருவது? வேறு கார் வாங்கினேன். இதை நிறுத்த வீட்டில் இடமில்லை.

சரோஜாவின் அண்ணன் வீராசாமி, அசாம் ஜாவாவுக்கு உள்ளே இருக்கும் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஸ்மோக்ஹவுஸ் மண்டோர். அதாவது, ரப்பர் ஷீட்டுகளைப் புகையில் தொங்கவிட்டு உலர்த்தும் கட்டடத்துக்கு அவர்தான் மேற்பார்வை. அந்தச் சமயத்தில்தான் தோட்டம் ஷீட் போடுவதை நிறுத்திவிட்டுப் பாலை அப்படியே ஃபேக்டரிக்கு விற்கத் தொடங்கியிருந்தது. கட்டடம் சும்மா கிடந்தது.

"கொண்டாங்க மாப்பிள்ளை, ரெண்டு மாசம் நிக்கட்டும்" என்றார் மச்சான்.

அந்த இரண்டு மாதம் இருபத்து நான்கு ஆண்டுகளாக நீண்டது.

இப்போது தோட்டம் ரப்பரை விட்டுச் செம்பனை எண்ணெய் மரங்களுக்கு மாறுகிறது. செப்டம்பர் கடைசியில் ஸ்மோக்ஹவுஸை இடிக்கிறார்கள். அதன் தகரங்களை ஏற்றிப்போக ஒரு பழைய இரும்பு வியாபாரி லோரி அனுப்புகிறார். காரையும் சேர்த்துத் தருகிறீர்களா என்று கேட்டிருக்கிறார். நான் மச்சானிடம் ஒரே வரியில் முடித்தேன்: எஞ்சின் ஓடினால் வீட்டுக்குக் கொண்டுபோகிறேன், ஓடாவிட்டால் லோரிக்குக் கொடுத்துவிடலாம். நியாயமான முடிவு என்றே நினைத்தேன்.

எழுபது வயது மச்சான் காரின் மட்கார்டைத் துண்டால் துடைத்துக்கொண்டே கேட்டார். பிறகு சொன்னார்: "இருபத்து நாலு வருஷம் நான் பாத்துக்கிட்டேன். லோரி வர்ற அன்னிக்கு மட்டும் என்னைக் கூப்பிடாதீங்க. நீங்களே ஏத்திவிட்டுடுங்க. அதுக்கப்புறம் நீங்க இந்தப் பக்கம் வர்றதுக்கும் ஒண்ணும் இருக்காதுல்ல..."

அதில் குற்றச்சாட்டு இல்லை, தகவல்தான் இருந்தது. யோசித்துப் பார்த்தேன். உண்மை. அவருடைய தங்கை போன பிறகு எங்கள் இருவருக்கும் பொதுவாக மிஞ்சியிருந்தது இந்தக் கார் ஒன்றுதான். அது லோரி ஏறினால் அவர் தோட்டத்தில் இருப்பார், நான் டவுனில் இருப்பேன், யாராவது கல்யாணப் பத்திரிகை அனுப்பினால் பந்தியில் பார்த்துக்கொள்வோம்.

ஆகவே எஞ்சின் சுற்றியாக வேண்டும்.

ஆ லிம் என்ற மெக்கானிக்கைப் பிடித்தேன். செகிஞ்சானில் நெல் அறுக்கும் மிஷின்களையும், பாசிர் பெனம்பாங்கில் மீன்பிடிப் படகுகளின் எஞ்சின்களையும் பார்ப்பவர். தோட்டத்துக் கடைக்காரர் வீட்டில் பிறந்து, நம் பிள்ளைகளோடு கோலி விளையாடி வளர்ந்த சீனர். அவருடைய தமிழில் எனக்குப் பிழை தெரியாது. என்னை மட்டும் மலாய்க்காரர்கள் ஆசிரியரை அழைப்பதுபோல் 'சிக்கு' என்பார்.

பிளக்குகளைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார்.

"சிக்கு, படகு எஞ்சின்ல உப்பு பாத்திருக்கேன். சேறு பாத்திருக்கேன். ஒரு தடவ மீனே பாத்திருக்கேன். இந்த மாதிரிப் பசைய பாத்ததே இல்ல லா."

"துரு?"

"அதுதான் அதிசயம். துளி இல்ல. இன்னொண்ணு... இருபது வருஷம் தொடாத பிளக் இப்படிக் கழலாது. பொம்பளைங்க தோடு கழட்டுற மாதிரி கழலுது."

என்ன செய்யலாம் என்று கேட்டேன். டிராக்டரில் கயிறு கட்டி, நாலாவது கியரில் போட்டு, ஒரே இழுப்பு இழுக்கலாம் என்றார். பிஸ்டன் விட்டுக்கொடுத்தால் சரி.

"விட்டுக்கொடுக்காவிட்டால்?"

"ஒடையும். ஒடஞ்சா என்ன, இரும்புக்காரன் லோரிதான் வருதே."

ஒரு வாரம் பொறுக்கும்படி கேட்டுக்கொண்டேன். மச்சான் அப்போது அங்கில்லை. எங்களுக்குத் தேநீர் கொண்டுவரத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குப் போயிருந்தார்.

பொறுக்கச் சொன்னதற்குக் காரணம் எச்சரிக்கை உணர்வு என்று நானே என்னிடம் சொல்லிக்கொண்டேன். அது அல்ல. அந்தப் பசை என்ன என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. ஜனவரிக்குப் பிறகு எதைப் பற்றியும் எனக்கு அப்படித் தோன்றியதில்லை. செய்தித்தாளைக்கூடத் தலைப்போடு நிறுத்திக்கொண்டிருந்தேன்.

நீரில் போட்டேன். மண்ணெண்ணெயில் போட்டேன். பழைய பாடப்புத்தகங்களை இறக்கித் தூசி தட்டினேன். கிரீஸ் என்றால் கரைந்திருக்க வேண்டும். பெட்ரோல் காய்ந்த பிசின் என்றால் நாற்றம் வேறு. ரப்பர் பால்? இழுத்துப் பார்த்தேன், இழுபடவில்லை. அப்படியானால் என்ன?

விடை பாடப்புத்தகத்தில் இல்லை, என் வீட்டுக் கழுவுதொட்டியில் இருந்தது.

புதன்கிழமை மாலை, அப்பளம் பொரித்த வாணலியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். எட்டு மாதமாகப் பாத்திரங்களை நான்தான் தேய்க்கிறேன். வாணலியின் விளிம்பில் ஒரு படலம் உண்டு, கவனித்திருக்கிறீர்களா? எண்ணெய் தெறித்து, காய்ந்து, மறுபடி தெறித்து, மறுபடி காய்ந்து... மஞ்சளாக, பழுப்பாக, விரல் வைத்தால் ஒட்டும். சோப்புக்கு அசையாது. நகத்துக்குத்தான் கொஞ்சம் பயப்படும். நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தவன் கையை நிறுத்தினேன். ஜாம் பாட்டிலிலிருந்து பசையைக் கொஞ்சம் எடுத்துக் கரண்டியில் வைத்து அடுப்பில் காட்டினேன்.

தீபாவளிக்கு மறுநாள் சமையலறை எப்படி மணக்கும்? அந்த மணம்.

அறுபத்தோரு வயதுவரை ஒரு வாணலியையும் தேய்க்காத விஞ்ஞானி இதை எப்படிக் கண்டுபிடித்திருப்பான்?

அடுத்த சனிக்கிழமை மூவரும் காரைச் சுற்றி நின்றோம். நான் மச்சானிடம் கேட்டேன்: "இந்த எஞ்சினுக்குள் யாராவது நல்லெண்ணெய் விட்டார்களா?"

"யாராவதா? நான்தான் விட்டேன்" என்றார். குரலில் மண்டோர் கம்பீரம்.

"எப்போது?"

"வருஷா வருஷம், ஆயுத பூஜைக்கு. பிளக்க கழட்டி, குழிக்கு ஒரு கரண்டி. அப்புறம் சந்தனப் பொட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். ஒரு வருஷம் தப்பினதில்ல. நான் காய்ச்சல்ல எந்திரிக்க முடியாமக் கிடந்த வருஷம்கூட உங்க அக்காவ அனுப்பி ஊத்தச் சொன்னேன்." அக்கா என்றது அவர் மனைவியை.

"ஸ்டோரில் எஞ்சின் எண்ணெய் டிரம் டிரம்மாக இருந்ததே, மச்சான்?"

"அது லோரிக்கும் டிராக்டருக்கும். கறுப்பு, நாத்தம். நல்ல நாளும் அதுவுமா நம்ம வீட்டு வண்டிக்கு அதையா ஊத்துவாங்க? தலைக்கு எண்ணெய் வெச்சா மனுசனுக்கே ஒடம்பு நிக்குது. வண்டிக்கு நிக்காதா?"

ஆ லிம் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "அண்ணே, எஞ்சினுக்கு இருபத்து நாலு தீபாவளி கொண்டாடியிருக்கீங்க. சீயக்காயும் போட்டீங்களா, இல்ல எண்ணெயோட விட்டுட்டீங்களா?"

மச்சான் சிரிக்கவில்லை. ஆ லிம்மின் முகத்தைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

நல்லெண்ணெய் காற்றுப்படப் பட மெல்லக் கெட்டிப்படும். ஒரு கரண்டி ஒன்றும் செய்யாது. இருபத்து நான்கு கரண்டி, ஒன்றன்மேல் ஒன்றாக, ஆண்டுக்கு ஒரு படலமாக... பிஸ்டனைச் சிலிண்டரோடு ஒட்ட வேறு பசை வேண்டாம்.

"அப்ப, மாப்பிள்ளை" என்றார் மச்சான். "என் எண்ணெய்தான் வண்டியக் கெடுத்துச்சா?"

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சென்ற நவம்பரில், ஆஸ்பத்திரியில், சரோஜாவின் கால்களுக்குத் தேய்க்க மச்சான் நல்லெண்ணெயில் ஒரு பாட்டில் தைலம் காய்ச்சிக் கொண்டுவந்தார். இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். நான் நர்ஸ் முன்னிலையில், உறவினர்கள் முன்னிலையில், தெளிவான உச்சரிப்பில் சொன்னேன்: "உங்கள் எண்ணெயால் இதுவரை யாருக்கும் எந்த நன்மையும் வந்ததில்லை, மச்சான்." அவர் பாட்டிலை மூடிப் பைக்குள் வைத்தார். வெளியே வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்தார். சரோஜா என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தாள். மருத்துவப்படி நான் சொன்னது தவறல்ல. அந்தத் தைலம் எதையும் குணப்படுத்தியிருக்காது. எதையும் கெடுத்தும் இருக்காது.

இப்போது அதே மனிதர் அதே எண்ணெயைப் பற்றிக் கேட்கிறார். ஆ லிம் திடீரென்று குனிந்து கருவிப்பெட்டியில் எதையோ தேடத் தொடங்கினார். விவரமானவர்.

பொய் சொல்ல எனக்கு வராது. பழக்கமில்லை.

"ஒட்டிக்கொண்டது உங்கள் எண்ணெயால்தான்" என்றேன். "ஆனால், உள்ளே பாருங்கள்." டார்ச்சை வாங்கி, ஸ்பார்க் பிளக் குழியில் ஒளி விழும்படி பிடித்தேன். பசையைச் சுரண்டிய இடத்தில் சிலிண்டர் சுவர் கண்ணாடியாக மின்னியது. "ஒரு பக்கம் கடல் காற்று, ஒரு பக்கம் ஆற்றுக் காற்று. எண்ணெய் விடாமல் இருந்திருந்தால் உள்ளே எல்லாம் துருவாகிக் கொட்டியிருக்கும். துரு பிடிக்காததும் உங்கள் எண்ணெயால்தான்."

"துரு பிடிச்சிருந்தா நான் போன வாரமே வீட்டுக்குப் போயிருப்பேன், அண்ணே" என்றார் ஆ லிம், பெட்டிக்குள்ளிருந்து தலையை எடுக்காமல்.

மச்சான் டார்ச் வெளிச்சத்தில் எட்டிப் பார்த்தார். நிமிர்ந்தார். ஆ லிம்மிடம் சொன்னார்: "பாத்தியா? வாத்தியாரு ஒரு கேள்விக்கு ஒரு பதில்தான் சொல்வாரு. இன்னிக்கு ரெண்டு சொல்றாரு லா."

இனி எப்படிப் பிரிப்பது? வாணலிப் படலத்தைக் கடைசியில் எப்படி எடுத்தேன் என்று விளக்கினேன். சூடு. மெதுவான சூடு. கொதிக்கக் கூடாது, எரியக் கூடாது, உள்ளே வரை இறங்க வேண்டும், நாள்கணக்கில் இருக்க வேண்டும். புது எஞ்சின் எண்ணெயை உள்ளே விட்டுச் சூடு காட்டினால் பசை இளகும். "ஆனால் ஒரு முழுக் காரை வைத்துச் சூடாக்கும் அளவுக்கு அடுப்புக்கு எங்கே போவது?" என்று கேட்டேன்.

மச்சான் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

"மாப்பிள்ளை, நாம இப்ப எங்க நின்னுக்கிட்டிருக்கோம்?"

ஸ்மோக்ஹவுஸுக்குள். ஆயிரக்கணக்கான ஷீட்டுகளை நான்கு நாள் விடாமல் சூட்டில் வைப்பதற்கென்றே கட்டிய கட்டடத்துக்குள்.

தோட்டத்து ஆபீசில் பெரிய கிராணியிடம் அனுமதி கேட்டேன். இடிக்கப்போகிற கட்டடம்தானே, எரிந்தாலும் இடித்த கணக்குதான் என்றார். பெட்ரோல் டேங்கைக் கழற்றி வெளியே தூர வைத்தோம். இருக்கைகளை எடுத்தோம். ஆ லிம் நான்கு குழிகளிலும் புது எஞ்சின் எண்ணெய் விட்டார். செவ்வாய்க்கிழமை காலை, வெளியே இருந்த அடுப்புக் குழியில் ரப்பர் மரக் கட்டைகளை அடுக்கி மச்சான் தீ மூட்டினார்.

அவரை நான் அந்த வேலையில் பார்த்ததே இல்லை. கல்யாண வீட்டில் பார்த்திருக்கிறேன், துக்க வீட்டில் பார்த்திருக்கிறேன். கட்டை எழும்பி எரிந்தால் ஈரக்கட்டையைப் போட்டு அமுக்குவார். புகை கனத்தால் கூரைத் திறப்பைக் கயிற்றால் ஒரு சாண் தூக்குவார். "சூடு வேணும், சுடர் வேணாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார்.

பள்ளிக்கூடத்துப் பழைய ஃபாரன்ஹீட் தெர்மோமீட்டரோடு நான் போய் நின்றேன். அவர் உள்ளங்கையைக் கதவில் வைத்தார்.

"நூத்தி நாப்பது."

தெர்மோமீட்டர் நூற்று முப்பத்தெட்டு காட்டியது.

"சரிதான்" என்றேன். இரண்டு டிகிரிக்காக வாதாடும் வயதை நான் கடந்துவிட்டேன். எப்போது கடந்தேன் என்று கேட்டால், அந்தச் செவ்வாய்க்கிழமைதான்.

நான்கு நாள் எரிந்தது. ஐந்தாம் நாள், சனிக்கிழமை காலை, கதவைத் திறந்து ஆறவிட்டோம். கார் இளஞ்சூட்டில் இருந்தது, படுத்து எழுந்த மாட்டின் முதுகுபோல. ஆ லிம் முன்பக்கத் துளையில் ஹேண்டிலைச் செருகி என்னிடம் நீட்டினார். நான் மச்சானிடம் நீட்டினேன்.

"உங்க கார் மாப்பிள்ளை."

"உங்கள் எண்ணெய், மச்சான்."

அப்போதுதான் சிரித்தார். வேட்டியை மடித்துக் கட்டி, இரண்டு கையாலும் பிடித்து, உடம்பின் எடையை எல்லாம் ஹேண்டிலில் வைத்தார். ஒன்றுமில்லை. மூச்சு வாங்கி, மறுபடி வைத்தார். பலாப்பழத்தை இரண்டாகப் பிளக்கும்போது ஒரு சத்தம் வருமே, பிசின் விட்டுக்கொடுக்கும் சத்தம்... அது எஞ்சினுக்குள்ளிருந்து வந்தது. ஹேண்டில் கால் சுற்று நகர்ந்தது.

ஆ லிம், "இன்னொரு தடவ, அண்ணே" என்றார், பிரசவம் பார்க்கும் குரலில்.

டயர், பேட்டரி, கார்புரேட்டர், புது பெட்ரோல், கழற்றிய இருக்கைகளை மறுபடி பூட்டுவது என்று மேலும் ஒரு வாரம். 27-ஆம் தேதி, இரும்புக்காரர் லோரி வர மூன்று நாள் இருக்கையில், எஞ்சின் பிடித்தது. பின்னால் வெள்ளைப் புகை கிளம்பி லயங்களின் பக்கம் போயிற்று. ஒரு பெண்மணி வாசலுக்கு வந்து பக்கத்து வீட்டைக் கேட்டார்: "யாரு அக்கா முறுக்கு சுடறது, வீட்டுல விசேஷமா?"

ஸ்மோக்ஹவுஸ் கதவைத் தாண்டி, காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களம்வரை ஓட்டினேன். முந்நூறு கெஜம் இருக்கும். பிரேக் பிடிக்கவில்லை, மேடு பிடித்தது. பக்கத்து இருக்கையில் மச்சான், முழங்கால் முகவாயைத் தொட உட்கார்ந்திருந்தார்.

"இருபத்து நாலு வருஷத்தில் ஒரு முறைகூட இதில் ஏறி உட்கார்ந்து பார்த்ததில்லையா?" என்று கேட்டேன்.

"அது தங்கச்சி சீட்டு இல்ல?" என்றார்.

கியரை மாற்றினேன்.

பராமரிப்பைப் பற்றி நான் இதுவரை வகுப்பில் சொல்லிக்கொடுத்ததில் ஒரு பாதிதான் சரி என்று படுகிறது. எதையும் யாரும் தொடாமல் விட்டால் துரு ஏறுகிறது. விடாமல் தொட்டுக்கொண்டிருந்தால் பசை ஏறுகிறது. படித்தவர்கள் நாம் பசையைப் பார்த்துத்தான் அதிகம் சிரிக்கிறோம். ஆனால் பசைக்குச் சூடு காட்டினால் போதும். துருவுக்கு ஆ லிம்மிடமே மருந்து கிடையாது — கேட்டுப் பார்த்துவிட்டேன்.

கார் இப்போது என் வீட்டு வாசலில், தார்ப்பாய்க்கு அடியில் நிற்கிறது. இன்னும் முடிக்காத வேலைகள்:

ஒன்று. பிரேக், நான்கு சக்கரத்துக்கும்.

இரண்டு. துணிக்கூரை. லோரிக்குத் தார்ப்பாய் தைப்பவரிடம் அளவு கொடுத்தாயிற்று. பெரிய வண்டி வேலை முடித்துவிட்டுத்தான் தொடுவேன் என்கிறார்.

மூன்று. ரோட் டாக்ஸ், இன்சூரன்ஸ். அதற்குப் பதிவுப் புத்தகம் வேண்டும். சரோஜா எங்கே வைத்தாள் என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

நான்கு. ஆஸ்பத்திரியில் சொன்ன சொல்லுக்கு மச்சானிடம் மன்னிப்புக் கேட்பது. அன்று காரிலேயே கேட்டிருக்கலாம். எஞ்சின் சத்தத்தில் அவருக்குக் கேட்காது என்று தள்ளிப்போட்டேன். சத்தம் அவ்வளவு இல்லை.